கறுப்பு மேட் பெயின்ட் ரேடாருக்குத் தப்புமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். அடிக்கடி மைசூருவுக்குக் காரில் சென்று வருவோம். இப்போது புதிய கார் வாங்கவிருக்கிறேன். வெள்ளையும் சில்வரும் ரேடார் அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், பளபளப்பில்லாத கறுப்பு மேட் கார் என்றால் போலீஸ் கருவியில் எளிதில் சிக்காது என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். இது சரியா? எந்த நிறத்தை எடுப்பது?

பதில்: சரியல்ல. நிறம் என்பது 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைப் பொறுத்தது. வேகத்தை அளக்கும் ரேடார்களில் பரவலாக உள்ள 24.15 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் நீளமோ ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். பிரைமர் எனும் அடிப்பூச்சிலிருந்து கிளியர் கோட் எனும் மேற்பூச்சு வரை காரின் எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலும் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நுண்ணலை அதை எளிதாகக் கடந்து, அடியிலுள்ள இரும்புத் தகட்டில் பட்டுத் திரும்புகிறது. நேரெதிரே 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரிலிருந்து திரும்பும்போது அதன் அதிர்வெண் சுமார் 4,470 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். கருவி இந்த வேறுபாட்டைத்தான் வேகமாகக் காட்டுகிறது. கார் வெள்ளையானாலும் கறுப்பானாலும் இந்தக் கணக்கு மாறாது. ரேடாருக்குத் தப்பும் போர் விமானங்களில் அலையை உறிஞ்சும் தனிப் பூச்சு உண்டு என்றாலும், அவற்றின் உடல் வடிவமே அலையை வேறு திசைக்குத் திருப்பும்படி அமைக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் மேட் பெயின்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

போலீஸ் வேகத்தை அளக்கும் இன்னொரு கருவியான லேசர் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் உங்கள் மைத்துனரின் பேச்சில் சிறிது உண்மை இருக்கிறது. அது பயன்படுத்தும் சுமார் 905 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரைக் கறுப்பு ஓரளவு உறிஞ்சும் என்பதால், அளக்கும் தூரம் சற்றுக் குறையலாம். ஆனால் குறிவைப்பவர் பார்ப்பது பானெட்டை அல்ல, நம்பர் பிளேட்டையும் ஹெட்லைட்டையும்தான். இப்போது கட்டாயமாகியுள்ள உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் மேற்பரப்பே, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதற்கென்று செய்யப்பட்டது. மைசூரு விரைவுச் சாலையில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்களும் இருக்கின்றன. அங்கே காருக்கு உச்சவரம்பு 100 கிலோமீட்டர்.

ஆகவே ரேடாரை மறந்துவிட்டு, எதிரே வருபவரின் கண்ணுக்கு உங்கள் கார் தெரியுமா என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் கார்களைவிடக் கறுப்புக் கார்களுக்கு விபத்து அபாயம் சுமார் 12 சதவீதம் அதிகம் என்று கண்டது. வெயில் இன்னொரு காரணம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரே மாடலில் கறுப்பு, சில்வர் என இரு கார்களை வெயிலில் நிறுத்தி ஒப்பிட்டபோது, கறுப்புக் காரின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சுட்டது. உள்ளே காற்றின் வெப்பமும் ஐந்தாறு டிகிரி அதிகம்.

மேட் பினிஷ் பெங்களூருக்கு ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தான் கார் கழுவுகிறார்கள். துடைக்காமல் வெயிலில் விட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ண வளையம் பதியும். பளபளப்பான பூச்சில் அதைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். மேட்டில் பாலிஷ் போட்டால் தேய்த்த இடம் மட்டும் திட்டாக மினுங்கும், பிறகு அந்தப் பேனல் முழுவதற்கும் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். மரத்தடியில் நிறுத்துபவர்களுக்குப் பறவை எச்சம் வேறு. சில மணி நேரத்துக்குள் கழுவாவிட்டால் கறை தங்கிவிடும்.

பளபளப்பான சாதாரண வெள்ளையை எடுங்கள். கீறல் விழுந்தால் டச்-அப் செய்வது எளிது. முத்து வெள்ளையில் பூச்சு மூன்று அடுக்கு என்பதால் நிறம் பொருத்துவது கடினம், செலவும் கூடும். பிறகு எப்போதாவது நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ஆலிவ் பச்சை மட்டும் வேண்டாம்: மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அது பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: ரேடாரை முன்கூட்டியே காட்டும் கருவியும் அதைக் குழப்பும் ஜாமரும் ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லேசர் துப்பாக்கியின் முன் அந்தக் கருவி உதவாது: 300 மீட்டர் தூரத்தில் லேசர் கற்றையின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அது உங்கள் காரில் பட்டுக் கருவி கூவும்போது வேகத்தை அளந்து முடித்திருப்பார்கள். ஜாமரை அரசின் தனி அனுமதியின்றிப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் தெளிவாகவே அறிவுறுத்தியிருக்கிறது. அதை விற்கவும் அவருக்கு உரிமை கிடையாது.