ஒளியியலில் வேலை: திருகோணமலைப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

ஒப்டிக்ஸ் என்றால் கண்ணாடிக் கடை வேலைதானே? (உப்புவெளி)
இல்லை. ஒப்டிக்ஸ் என்பது ஒளியியல், ஒளியைப் பற்றிய பௌதிகவியல். கண் பரிசோதனை வேறு படிப்பு. அதை அந்தத் துறையில் இருப்பவரிடம் கேளுங்கள்.

உயர்தரத்தில் என்ன எடுக்கலாம்? (நிலாவெளி)
பௌதிகவியல், இணைந்த கணிதம், இரசாயனவியல். கணிதத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? (சாம்பல்தீவு)
நல்ல கேள்வி, தங்கச்சி. பாதி நாள் லேசர்க் கற்றையை நேராக்குவதிலேயே போகும். இரண்டு ஆடிகள், இரண்டு துளைத் தகடுகள். முதல் ஆடியின் திருகால் கிட்டத்துத் துளைக்கும், இரண்டாவதால் தூரத்துத் துளைக்கும் கற்றையைக் கொண்டுவர வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விலகும். மாறி மாறித் திருப்பத் திருப்பக் கடைசியில் இரண்டிலும் புகுந்துவிடும். தலையீட்டுமானி (இரண்டு ஒளிக்கற்றைகள் சேரும்போது தோன்றும் பட்டைகளைக் கொண்டு அளக்கும் கருவி) என்றால் இன்னும் பொறுமை வேண்டும். சிவப்பு ஹீலியம்-நியோன் லேசரின் அலைநீளம் 633 நனோமீற்றர். ஆடி அதில் பாதித் தூரம் அசைந்தாலே ஒரு பட்டை முழுதாக நகரும். வீதியில் லொறி போனாலும் தெரியும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். அதில் பட்டுத் தெறிக்கும் கற்றை கண்ணைக் கெடுக்கும்.

குடும்பத்துக்காக வேறு வேலைக்குப் போகிறேன். ஆராய்ச்சி அவ்வளவுதானா? (மூதூர்)
இல்லைத் தம்பி. சி. வி. இராமன் 1907 முதல் 1917 வரை இந்திய நிதித் துறை உத்தியோகத்தர். கல்கத்தாவில் இருந்த காலத்தில் கந்தோருக்கு முன்னும் பின்னும்தான் ஆய்வுகூடம். நோபல் பரிசு 1930இல்.

தண்ணீரே ஒளியைச் சிதறடிப்பதால்தான் கடல் நீலம் என்று இராமன் சொன்னது பிழை. வானம் தெறிப்பதுதானே நீலம்? (மூன்று பேர்)
ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் றேலி பிரபுவும் அப்படித்தான் சொன்னார். 1921இல் மத்தியதரைக் கடலில் கப்பலில் வந்த இராமன், நிக்கொல் அரியத்தால் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பளிங்கு) வானத்தின் தெறிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை.

மேகமூட்ட நாளில் டச்சு விரிகுடா சாம்பலாகிறதே! (அதே மூவரில் ஒருவர்)
மேற்பரப்பில் தெறிப்பு இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் சிவப்பை உறிஞ்சுகிறது, நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிக்கிறது. நீங்களே பாருங்கள்: முனைவாக்கிய (போலரைஸ்ட்) கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்மட்டத்திலிருந்து 37 பாகை அளவு கீழே கடலைப் பாருங்கள். பளபளப்பு அடங்கும், நிறம் தெளியும். கண்ணாடியைக் கழற்றிக் குத்தாகத் திருப்பிப் பிடித்தால் பளபளப்பு திரும்பிவிடும். சூரியன் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு? (பலர்)
இடத்துக்கு இடம் மாறும்.

மலிவான பச்சை லேசர் பொயின்டரில் பரிசோதனை செய்யலாமா? (தம்பலகாமம்)
வேண்டாம். சிலவற்றில் பச்சையோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் வெளியே வரும். வெளிச்சம் தெரியாததால் கண் இமைக்காது, விழித்திரை எரிந்துவிடும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஆசிரியரோடு செய்யுங்கள்.