கொடைக்கானல் ஃபெர்ன் வீட்டுக்கு வந்ததும் கருகுவது ஏன்?

கேள்வி: கொடைக்கானல் சாலையோரக் கடையில் மெய்டன்ஹேர் ஃபெர்ன் வாங்கி, வேளச்சேரி வீட்டில் ஏசி அறை ஜன்னலருகே வைத்தேன். போர் தண்ணீரை மூன்று வேளை ஸ்ப்ரே செய்தும் பத்தே நாளில் கருகிவிட்டது. எங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரில் இதே செடி தானாக வளர்கிறதே! இலைக்கு அடியில் பழுப்புத் திட்டுகளைப் பார்த்து, பூச்சி என்று உரக்கடையில் மருந்தும் டானிக்கும் கொடுத்தார்கள். அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். இலையின் ஓரம் அடிப்பக்கமாக மடிந்து, அந்த மடிப்பில் பழுப்பாகத் தெரிவது பூச்சியல்ல, வித்துத்தூள். பூவும் விதையும் இல்லாத ஃபெர்ன் இதை வைத்துத்தான் பெருகுகிறது. நல்ல செடியை நோய் என்று காட்டி மருந்து விற்பது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். இவ்வளவு மெல்லிய இலை மருந்து பட்டாலே பொசுங்கிவிடும்.

கருகியதற்குக் காரணம் ஏசி காற்றும் போர் தண்ணீரின் உப்பும். ஸ்ப்ரே உதவாது. இந்த இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். மண்ணோ உள்ளே காய்ந்தே கிடக்கும்.

கிணற்றுச் செடி பற்றிக் கேட்டது நியாயம்தான். அங்கேயும் சுண்ணாம்புத் தண்ணீர்தானே என்று பலரும் கேட்கிறார்கள். சுண்ணாம்பு இந்தச் செடிக்கு ஆகாததல்ல, சுண்ணாம்புக் காரை இடுக்கில் சந்தோஷமாக வளரும். ஆனால் அங்கே நீர் கசிந்து ஓடிக்கொண்டே இருக்கும், உப்பு தங்காது. கிணற்றுக்குள் காற்றும் அசையாது, ஈரம் அப்படியே நிற்கும். தொட்டியில் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் நாளுக்கு நாள் சேரும். விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. காய்ந்த காம்புகளை மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள். தொட்டியை ஏசி அறையிலிருந்து எடுத்து, வெளிச்சம் வரும் குளியலறை ஜன்னலில் வையுங்கள். நேர் வெயில் கூடாது. தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள். மழைநீர், ஏசியில் சொட்டும் நீர், ஆர்.ஓ. குடிநீர் எதுவும் நல்லது. ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மண் மாற்றுவதாக இருந்தால் இலைமக்கு பாதி, கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) பாதி. கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியாமல் போடவே கூடாது, அதிலும் உப்பு உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாலையோரம் பாலித்தீன் பையில் விற்பதில் பல, சோலைக்காட்டில் பிடுங்கியவை. வேர் அறுந்த செடி ஊர் வந்து சேர்ந்தாலும் பிழைக்காது. ரிசர்வ் காட்டில் பிடுங்குவது குற்றம் என்று 1882-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடி வண்டியைக் குடைகிற சோதனைச்சாவடியில் டிக்கியில் இருக்கும் காட்டுச்செடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எத்தனை வருடம் சொல்வது!

மண்ணை லேசாக விலக்கிக் கிழங்குத் தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள், சுருண்ட குருத்து வரும். கொழகொழவென்றிருந்தால் செடி போய்விட்டது. அடுத்த முறை நர்சரியில் தொட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி, அடிவரை வேர் பின்னியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.