வாசகர் கேள்வி: குளிர்கடலுக்கு வெட்சூட்டா, ட்ரைசூட்டா?

கேள்வி: பாம்பன், தனுஷ்கோடிக் கடலில் சில ஆண்டுகளாக, பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்கும் கைட் சர்ஃபிங் செய்து வருகிறேன். இங்கே பனியனும் அரைக்கால் சட்டையுமே போதுமாக இருந்தன. மேற்படிப்புக்காக டென்மார்க் செல்லவிருப்பதால், அங்கே மேற்குக் கரையில் ஆண்டு முழுவதும் கடலில் இறங்க ட்ரைசூட் வாங்கிவிடலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் நல்ல வெட்சூட் ஒன்றை வாங்குங்கள், ட்ரைசூட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெட்சூட் என்பது நியோப்ரீன் ரப்பரால் ஆன நீர்விளையாட்டு உடை. அது சிறிதளவு நீரை உள்ளே விடும். அந்த ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழிகள் குளிரைத் தடுக்க, உள்ளே கசிந்த நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடுகிறது. உடை தோலோடு ஒட்டியிருந்தால்தான் இது நடக்கும். முதுகில் தொளதொளத்தால், விழும்போதெல்லாம் புதுத்தண்ணீர் புகுந்து அந்த வெதுவெதுப்பைக் கொண்டுபோய்விடும். ட்ரைசூட் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள ரப்பர் பட்டைகளால் நீரை அறவே தடுக்கிறது. ஆனால் அதன் மெல்லிய துணி தானாகக் குளிரைத் தாங்காது. உள்ளே அணியும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் உடையே உங்களைக் காக்கிறது. ட்ரைசூட்டுக்குள் பருத்திப் பனியன் கூடவே கூடாது. அது வியர்வையை உறிஞ்சி உடம்பைச் சில்லிட வைத்துவிடும்.

நம் மன்னார் வளைகுடா நீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அதில்கூட நெடுநேரம் நின்றால் உடம்பு நடுங்கும் என்பது பாசி எடுக்கப் போகும் நம் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டை இழுத்துக்கொள்கிறது. டென்மார்க்கிலோ மே மாதத்தில் வெயில் இதமாக அடிக்கும்போதும் கடல்நீர் குளிராகவே இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு திணறும். ஆகவே வானிலையை அல்ல, நீரின் வெப்பநிலையைப் பார்த்தே உடுத்துங்கள். கோடைக்கு 4/3 மி.மீ. (உடற்பகுதியில் 4, கை கால்களில் 3) தடிமனுள்ள வெட்சூட்டும், இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்கும் 5/4 மி.மீ. தடிமனுள்ளதும் தலைமூடி, காலுறையோடு பெரும்பாலோருக்குப் போதும்.

நீர் 5 டிகிரியை நெருங்கும் நடுக்குளிர்காலத்தில்தான் ட்ரைசூட் தன் மதிப்பைக் காட்டும். பலகையில் நிற்பவர் பெரும்பகுதி நேரம் நீருக்கு மேலே காற்றில் இருப்பதால், நனைந்த நியோப்ரீனிலிருந்து ஈரம் ஆவியாகும்போது குளிர் ஏறுகிறது. ட்ரைசூட்டுக்குள் உடம்பு நனைவதில்லை. ஆயினும் பட்டம் கைவிட்டு நீந்திக் கரைசேர நேர்ந்தால், அதன் தொளதொளத்த துணி உங்கள் வேகத்தைக் குறைக்கும். துணி கிழிந்தாலோ உள்ளுடை நனைந்து பாதுகாப்பே போய்விடும். நீந்திக் கரைசேரும் பழக்கம் அந்தக் குளிர்நீரில் உங்களுக்குக் கைவரும் வரை அதை அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

ட்ரைசூட் வாங்கிய பின், அதை அணியும் ஒவ்வொரு முறையும் ஜிப்பைக் கடைசிப் பல் வரை இழுத்து மூடிவிட்டு, குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டையை விரலால் சற்றே விலக்குங்கள். உள்ளே அடைந்த காற்று வெளியேறும். இல்லையேல் அது கால்பக்கம் திரண்டு நீந்தவிடாமல் படுத்தும். பட்டைகள் லேடெக்ஸ் என்னும் இயற்கை ரப்பரால் ஆனவை என்றால், தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு அவற்றுக்குள் நுழையாதீர்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் இளகிக் கெட்டுவிடும்.

எதையும் இங்கிருந்து வாங்கிச் செல்ல வேண்டாம். அங்கே கடையில் அணிந்து பார்த்து, பட்டத்தை உடம்போடு இணைக்கும் பட்டையான ஹார்னெஸ்ஸையும் கட்டிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குனிந்து நிமிர்ந்த பிறகே பணம் கொடுங்கள்.