தஞ்சாவூர் ஏன் ‘தஞ்’ என்று நின்றது?

கேள்வி: மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை ஸ்கேன் செய்து எஸ்கியூலைட் என்ற, ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸில் வைத்திருக்கிறேன். அவை ஊர்வாரியாகப் போல்டர்களாகத் தெரியும்படி, பைத்தானில் ஃப்யூஸ் (சாதாரண நிரலையே ஃபைல் சிஸ்டமாக இயங்க வைக்கும் லினக்ஸ் வசதி) வழியாக ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதினேன். நிரலையும் அனுப்பியிருக்கிறேன். வீட்டு லேப்டாப்பில் சோதித்தபோது ஓடியது. கடைக் கம்ப்யூட்டரில் தானாகத் தொடங்கும்படி வைத்தால் போல்டர் காலியாக இருக்கிறது. கையால் ஓட்டினால் போல்டர்கள் வருகின்றன. ஆனால் ‘விவரம்’ என்று நிரலே தயாரிக்கும் ஃபைல் முழுதாக வருவதில்லை, ‘தஞ்சாவூர்’ என்று வர வேண்டியது ‘தஞ்’ என்று நின்றுவிடுகிறது. கொரடாச்சேரி போல்டர் கண்ணுக்குத் தெரிகிறது, பெயரைத் தட்டச்சு செய்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. இதைக் கர்னல் மாட்யூலாக (லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஏறி ஓடும் நிரலாக) மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். 5,000 ரூபாய் அட்வான்ஸும், டேட்டாவின் இன்னொரு நகல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிப் போயிருக்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. அந்த ஹார்ட் டிஸ்க்கை இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். அதில் இருப்பது உங்கள் சொத்து மட்டுமல்ல, ஊராரின் நில ஆவணம்.

ஃப்யூஸ் 2005-இல் லினக்ஸ் 2.6.14 பதிப்போடு கர்னலுக்குள் வந்தது. கர்னலைத் தொடாமலே ஃபைல் சிஸ்டம் எழுதலாம் என்பதுதான் அதன் பயனே. உங்கள் நிரலில் பிழை இருந்தால் அந்த நிரல் மட்டும் சாகும். அதே பிழை கர்னல் மாட்யூலில் இருந்தால் மிஷினே நின்றுவிடக்கூடும். பிறகு ஏன் அவர் மாற்றச் சொல்கிறார்? கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு அவரைக் கூப்பிட வேண்டும், வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். பாபநாசம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இந்தக் கூத்தை நேரில் பார்த்தேன். சம்பா வரத்து குவியும் நேரத்தில் மாட்யூல் ஏறவில்லை, எழுதிக் கொடுத்தவர் போன் சுவிட்ச் ஆஃப். மூல நிரலைக் கையில் கொடுக்காதவரிடம் எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

சரி, போல்டர் ஏன் காலி? நீங்கள் அனுப்பிய நிரலில் டேட்டாபேஸின் பெயர் மட்டும் இருக்கிறது, முழுப் பாதை இல்லை. வீட்டில் அந்த போல்டருக்குள் நின்றுகொண்டு, டெர்மினலை விட்டு விலகாமல் ஓடும் முறையில் ஓட்டினீர்கள். பின்னணிக்குப் போகும்போது ஃப்யூஸ் தன் இருப்பிடத்தை ரூட் போல்டருக்கு (எல்லா போல்டருக்கும் மேலே இருப்பது) மாற்றிக்கொள்ளும். மிஷின் எழும்போது நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கினாலும் அங்கேதான் நிற்கும். அங்கே உங்கள் டேட்டாபேஸ் இல்லை. இல்லாவிட்டால் எஸ்கியூலைட் சண்டை போடாது, சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். ‘டேபிள் இல்லையென்றால் உருவாக்கு’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அதனால் எல்லாம் ஒழுங்காக, காலியாக ஓடுகிறது. தான் நிற்கும் போல்டரை வைத்துப் பாதையை நிரலே கண்டுபிடிக்கும்படி எழுதினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது, சிஸ்டம்டியில் அதுவும் ரூட்டையே காட்டும். முழுப் பாதையையும் கையால் எழுதுங்கள். இருக்கிற ஃபைலை மட்டும் திறக்கும் முறையில் திறங்கள்.

அடுத்து ‘விவரம்’. ஃபைலின் அளவு என்ன என்று கர்னல் கேட்கும்போது பைத்தானின் ‘லென்’ தரும் எண்ணைக் கொடுக்கிறீர்கள். அது எழுத்துக்குறிகளை எண்ணுகிறது. கர்னலுக்கு வேண்டியது பைட். ‘தஞ்சாவூர்’ என்பதில் புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து 9 குறிகள். எழுத்துகளைப் பைட்டாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 27. நீங்கள் 9 என்றீர்கள், அது 9 பைட்டோடு நிறுத்திக்கொண்டு ‘தஞ்’ என்று காட்டியது. கொள்முதல் நிலையத்தில் சீட்டில் 9 மூட்டை என்றிருந்தால் வண்டியில் 27 இருந்தாலும் 9-தான் இறக்குவார்கள், அது மாதிரி. வீட்டில் ஆங்கிலத்தில் சோதித்திருப்பீர்கள், அதில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதனால் தெரியவில்லை. முதலில் பைட்டாக மாற்றிவிட்டு, பிறகு எண்ணுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அளவு முன்கூட்டியே தெரியாத ஃபைல் என்றால் ‘டைரக்ட் ஐஓ’ என்ற வசதியைப் போடலாம். அப்போது கர்னல் நீங்கள் சொன்ன அளவை நம்பாமல், நிரல் ‘தீர்ந்தது’ என்று சொல்லும்வரை படிக்கும். ஆனால் இதை மொத்த மவுண்டுக்கும் (உங்கள் ஃபைல் சிஸ்டம் போல்டராக மாட்டியிருக்கும் இடம்) போட்டுவிடாதீர்கள். போட்டால் கர்னலின் கேஷ் (ஒருமுறை படித்ததை நினைவில் வைக்கும் இடம்) உதவாது, ஒவ்வொரு ஸ்கேனும் ஒவ்வொரு முறையும் பைத்தான் வழியாகவே வர வேண்டும், ஆமை வேகம். ஃபைலைப் பகிர்வு முறையில் நினைவகத்தில் விரித்துப் படிக்கும் நிரல்களும் தகராறு செய்யும். ஆகவே திறக்கும் இடத்தில், அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும். கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ‘ப்ராக்’ போல்டரில் அளவு 0 என்று காட்டும் ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றனவே என்று யாராவது வாதாடினால், அது கர்னலின் சொந்த வீடு, நாம் வாடகைக்கு இருப்பவர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் ‘விவரம்’ ஃபைலுக்கு இது தேவையே இல்லை. எண்ணிக்கையைச் சரிசெய்தால் போதும்.

கொரடாச்சேரி சிக்கல் சின்னது. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பெயர்களில் இரண்டாவது வகை வருவதுண்டு. டேட்டாபேஸில் போடும்போதும் தேடும்போதும் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனிமேல் ஒரு நாள் ‘டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்’ என்று வரும். டெலிபோன் லைன் அறுந்த மாதிரி பயமுறுத்தும் இந்த வாசகத்தின் பொருள், உங்கள் நிரல் செத்துவிட்டது, மவுண்ட் மட்டும் நிற்கிறது என்பதுதான். அதை நேராகச் சொல்ல இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரசே இணையத்தில் வைத்திருக்கும் பட்டாவை அரசு அலுவலகத்துக்கே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை மட்டும் குறை சொல்வானேன்! மவுண்டைக் கழற்றி நிரலை மறுபடி ஓட்டினால் போதும், மிஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை.

கடைக் கம்ப்யூட்டரின் ரூட் போல்டரில், சில கிலோபைட் அளவில் உங்கள் டேட்டாபேஸின் பெயரிலேயே ஒரு ஃபைல் கிடக்கும். கோபத்தில் உடனே அழிக்காதீர்கள். இத்தனை நாளில் கடைப் பையன் யாருடைய அடங்கலையாவது அந்தக் காலி போல்டருக்குள் போட்டிருந்தால், அது அங்கே மட்டும்தான் இருக்கும். அப்படியானால் அளவும் பெருத்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.