பயோசார் வாங்கலாமா? பையைத் திறந்து பாருங்கள்

கேள்வி: மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். இணையக் கடைகளில் ‘பயோசார்’ என்று ஒரு கிலோ பைகள் விற்கிறார்கள். மண் வளமாகும், புவி வெப்பமும் குறையும் என்று போட்டிருக்கிறது. இஸ்திரி வண்டிக்கு வாங்கும் கரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (சென்னை வாசகி)

பதில்: பொருளாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மரம், மட்டை, உமி எதுவானாலும் காற்று அதிகம் புகாமல் சூடாக்கினால் கரியாகும். அந்தக் கரியை எரித்தால் எரிபொருள், மண்ணில் போட்டால் பயோசார். செடி காற்றிலிருந்து இழுத்து வைத்த கார்பனில் ஏறக்குறைய பாதி, நல்ல உலையில் கரியாகத் தங்கிவிடும். குப்பையாக மட்கவிட்டிருந்தால் அதில் பெரும்பகுதி சில வருடங்களிலேயே காற்றுக்குத் திரும்பியிருக்கும். கரியானபின் நூறாண்டு தாண்டியும் மண்ணில் கிடக்கும். அமேசான் பகுதியில் பழங்குடிகள் வாழ்ந்த இடங்களில் கரி கலந்த கறுப்பு மண் ஆயிரம் வருடங்களுக்குப் பிறகும் வளமாக இருக்கிறது.

ஆக, பைக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். எதிலிருந்து செய்தது, கார்பன் எத்தனை சதவீதம், சாம்பல் எத்தனை சதவீதம், பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) எவ்வளவு? இந்த நான்கும் இல்லாத பையை நான் வாங்க மாட்டேன். கொதிகலனில் எரிந்து வெளுத்த உமிச் சாம்பலைச் சிலர் இந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா, கார்பன் கொஞ்சம்தான்.

கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு துண்டை விரல்களுக்கு நடுவே ஈரத்தோடு தேயுங்கள். வெறும் தண்ணீரிலேயே கறுப்பு போய்விட்டால் நன்றாக வெந்த கரி. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் தார் மிச்சமிருக்கிறது, செடிக்கு ஆகாது. தண்ணீரில் போட்டதும் சேறாகக் கரைந்தால், மாவோ களிமண்ணோ சேர்த்து அச்சில் அழுத்திய கரிக்கட்டி. அதை அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் தேறினால், விறகுக் கடையில் வாங்கிய மரக்கரியைப் பொடித்துப் போட்டாலும் தொட்டிக்கு அதே பலன்தான். ஆனால் புகைந்துகொண்டே வேகும் மண் மூட்டத்தில் செய்த கரி என்றால் மீத்தேனும் வெளியேறியிருக்கும். மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு சூடேற்றும். அதனால் சூழலுக்குச் செய்த நன்மை என்று அந்தக் கரியைச் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 75 சதவீதம் கார்பன் உள்ள ஒரு கிலோ பயோசார் பிடித்து வைப்பது சுமார் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. அதாவது ஒரு பை, ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோலுக்குத்தான் ஈடு. செடிக்காக வாங்குங்கள். பூமிக்காக என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

போடும் முறையும் முக்கியம். வெறும் கரியை அப்படியே கலந்தால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்புழு உரத்தோடோ ஜீவாமிர்தத்திலோ இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு, அப்புறம் தொட்டிக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள்.

கேள்வி: சீமைக்கருவேலம் மண்டிய புஞ்சை இருக்கிறது. அதை வெட்டிக் கரியாக்கி மண்ணில் போட்டால் கார்பன் கிரெடிட் பணம் வரும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ஒருவர் வந்து கேட்கிறார். நம்பலாமா? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: பணம் கட்டாதீர்கள். கார்பன் கிரெடிட் என்பது, காற்றில் சேராமல் பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடுக்கு டன் கணக்கில் தரும் சான்று. தங்கள் புகைக்கு ஈடாக நிறுவனங்கள் அதை விலைக்கு வாங்குகின்றன. அந்தச் சந்தை நிஜமானதுதான். 2025 ஜனவரியில், வராஹா என்ற இந்திய நிறுவனத்திடமிருந்து 2030க்குள் ஒரு லட்சம் டன் பயோசார் கிரெடிட் வாங்க கூகுள் ஒப்பந்தம் போட்டது. ஆனால் அந்தப் பணம் வருவது அளந்து, சோதித்து, எந்த நிலத்தில் எவ்வளவு போட்டார்கள் என்று பதிவு வைத்த கரிக்கு. ஆய்வகச் சோதனை, தணிக்கை, பதிவகச் செலவு எல்லாம் திட்டத்தை நடத்துபவர் ஏற்கவேண்டியவை. விவசாயியிடம் முன்பணம் கேட்பதே சரியில்லை.

அவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தரநிலையின் கீழ் பதிவு (கிரெடிட்டைப் பதிந்து சான்று தரும் பியூரோ எர்த், வெரா போன்ற பதிவகங்களுடையவை), அந்தத் திட்டத்தின் எண் என்ன, கிரெடிட் யார் பெயரில் வரும். எண்ணைக் கொடுத்தால் பதிவகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். மரத்தை டன் கணக்கில் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், கரியில் ஒரு பங்கு உங்கள் நிலத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது பேசத்தக்க பேரம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயோசார் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. புளிப்பு மண்ணில் அதன் பலன் நன்றாகத் தெரியும். உங்கள் பக்கத்து மண் பல இடங்களில் ஏற்கெனவே களர், உவர். மண் பரிசோதனை செய்யாமல் ஏக்கர் கணக்கில் கொட்டவேண்டாம். இரண்டு பாத்தியில் போட்டு, போடாத பாத்தியோடு ஒரு போகம் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ‘கார்பன் நெகடிவ் அடுப்பு’ என்று ஒரு விறகு அடுப்பு விளம்பரத்தில் வருகிறது. எரித்துக்கொண்டே எப்படிக் கார்பனைக் குறைக்க முடியும்? (கோவை வாசகி)

பதில்: முடியும், ஆனால் நீங்கள் ஒரு வேலை செய்தால்தான். இந்த அடுப்பில் விறகுத் துண்டுகளை நிரப்பி மேலிருந்து பற்றவைப்பார்கள். விறகிலிருந்து கிளம்பும் வாயுதான் எரிந்து சமையலுக்குச் சூடு தரும். வாயு தீர்ந்ததும் அடியில் தணலாகக் கரி நிற்கும். அதை உடனே கொட்டித் தண்ணீர் தெளித்து அணைத்து மண்ணில் சேர்த்தால் விளம்பரம் உண்மை. அடுப்பிலேயே விட்டால் வெந்து சாம்பலாகிவிடும். அப்போது அது வெறும் விறகடுப்புதான், புகை குறைவு என்ற நன்மை மட்டும் இருக்கும்.

தணலை மூடிய அறையில் வைக்கவே வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும். வாங்கும் முன் கடைக்காரரை ஒருமுறை பற்றவைக்கச் சொல்லுங்கள். கரியை வெளியே எடுக்கத் தட்டோ கைப்பிடியோ இல்லாத அடுப்பு வேண்டாம், கொதிக்கும் உருளையைக் கவிழ்க்க யாராலும் தினமும் முடியாது.