மாடித்தோட்டத் தொழில்: புது வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

கேள்வி: மாடித்தோட்டம் அமைத்துத் தருகிறோம். ஏப்ரலில் 2,000 நோட்டீஸ் அடித்து நாளிதழோடு சேர்த்துப் போட்டோம். இரண்டே பேர்தான் கூப்பிட்டார்கள். – வாசகர், தாம்பரம்

பதில்: அந்த இரண்டு பேர் கூப்பிட்டதே பெரிய விஷயம். ஏப்ரலில் மொட்டைமாடியில் வெறுங்கால் வைக்க முடியாது; கத்தரி நாற்று யார் கேட்பார்கள்? ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை உங்கள் விளம்பரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் நோட்டீஸ் போனால் ஆடி பிறப்பதற்குள் செடிப் பைகள் மாடி ஏறிவிடும்.

கோடைக்கு வேறு சரக்கு இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு, செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பது பெரிய கவலை. ‘நீங்கள் திரும்பும்வரை நாங்கள் ஊற்றுகிறோம், ஒரு நாளைக்கு இவ்வளவு’ என்று அடியுங்கள். மாடிச் சாவியை நம்பிக் கொடுத்தவர் ஆடியில் வேறு ஆளைத் தேடமாட்டார். தொகையையும் அச்சிடுங்கள். ‘நியாயமான கட்டணம்’ என்று போட்டால் ‘அதிகம் கேட்பார்கள்’ என்றுதான் படிப்பார்கள்.

கேள்வி: கடை கிடையாது, வீட்டிலிருந்தே வேலை. கூகுள் மேப்பில் இடம்பெற முடியுமா? – வாசகர், கோவை

பதில்: முடியும், இலவசமாக. பதியும்போது வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, நீங்கள் போய் வேலை செய்யும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். மாவட்டம் முழுவதையும் எழுதாதீர்கள். வண்டியில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடங்கள் போதும். விமர்சனம் எழுதச் சொல்ல நல்ல நாள், வாடிக்கையாளர்கள் முதல் வெண்டைக்காயைப் பறித்துப் படம் அனுப்பும் நாள். தள்ளுபடி தருவதாகச் சொல்லி எழுத வைப்பது கூகுள் விதிகளுக்கு எதிரானது. ‘முதலிடம் பிடித்துத் தருகிறோம்’ என்று பணம் கேட்டு வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆர்வம் காட்டுகிறார்கள், சங்கத்தில்தான் ‘தளம் ஒழுகும்’ என்று மறுக்கிறார்கள். – வாசகி, திருச்சி

பதில்: அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. தொட்டியைத் தரையிலேயே வைத்து, அடியில் மாதக்கணக்கில் ஈரம் தங்கி, வேர் ஓடுகளின் இடுக்கில் இறங்கிய மாடிகள் எத்தனையோ. ஆகவே அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் பேச்சை எடுங்கள். ஒரு சாண் உயர இரும்பு ஸ்டாண்ட், வடியும் நீரைப் பிடிக்கத் தட்டு, தளத்தின் நடுவை விட்டுச் சுவரோரமாக வரிசை. வெறும் செம்மண்ணை நிரப்பாமல் தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் கலந்த கலவை. ஈரமண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கனக்கும். நார்க்கழிவுக் கலவை அவ்வளவு கனக்காது. செயலாளரை நீங்கள் ஏற்கனவே அமைத்த ஒரு மாடிக்கு அழைத்துப் போய், தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்து ஸ்டாண்டுக்கு அடியில் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்ணப் படங்கள் போட்ட கையேடு இதற்கு ஈடாகாது. ஒரு சங்கம் சம்மதித்தால், நோட்டீஸே இல்லாமல் ஒரே கட்டடத்தில் நாலைந்து வீடு கிடைக்கும்.

கேள்வி: சிபாரிசு செய்யும் பழைய வாடிக்கையாளருக்குக் கமிஷன் தரலாமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் காசுக்காகப் பரிந்துரைத்ததாகப் பெயர் வாங்க யாரும் விரும்பமாட்டார்கள். ஒரு பை மண்புழு உரம் கொடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பகுதி வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் விளம்பரம் போடுகிறேன். பலனில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: தினமும் போடுவதுதான் காரணம். நிறுத்துங்கள். யாராவது செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சுபோல் அப்பியிருக்கிறது என்று படம் போடுவார்கள். அது மாவுப்பூச்சி. பாதித்த நுனியை வெட்டிப்போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலின் கீழே உங்கள் எண்ணைப் போடாதீர்கள். வேண்டியவர்கள் தனியே கேட்பார்கள்.