ரொம்ப மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல், நடுத்தர வேகத்தில் கேட்க நல்ல ஆங்கில பாலட் பாடல்கள் எவை?

பதினோரு வருடம் டிரம்ஸ் வாசித்தவன் நான். இந்த வேகத்தில் அமைந்த ஒரு பாட்டில்தான் மேடையில் தலைகுனிந்தேன். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நீங்கள் இரவில் வண்டி ஓட்டிக்கொண்டு பாட்டு கேட்பவர் என்று நினைக்கிறேன். மெதுவான பாட்டு தூக்கம் வரவைக்கும், வேகமானது எரிச்சலாக்கும். உங்களுக்கு ஏற்றது நிமிடத்துக்கு 90 முதல் 120 பீட் (தாளத் தட்டு) வரை உள்ளவை. செயலிகள் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வை ஒன்று 74 என்னும், இன்னொன்று 147 என்னும். பாதியாக எண்ணுவதா முழுதாக எண்ணுவதா என்பதில் வரும் குழப்பம் அது. தொடையில் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

என் முதல் பரிந்துரை டிரேசி சாப்மன் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ (1988). சுமார் 104. ‘பாலட் என்றால் மெதுவான காதல் பாட்டு, இது பாலட்டே இல்லை’ என்று யாராவது சொல்வார்கள். கதை சொல்லும் பாட்டுக்குத்தான் ஆதியில் அந்தப் பெயர். வறுமையிலிருந்து தப்பிக்க நினைக்கும் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் இதில் இருக்கிறது, எனக்கு அது போதும். 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் மண்டேலாவின் 70வது பிறந்தநாளுக்காகப் பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. அதில் பாட வந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் கருவிக்குத் தேவையான ஒரு பாகம் காணாமல்போனதால் அவரால் மேடையேற முடியவில்லை. ஏற்கனவே பாடி முடித்திருந்த டிரேசியையே மறுபடி அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஒற்றை கிதாரோடு இதைப் பாடினார். அதற்கு அப்புறம்தான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இதே பாட்டை 2006இல் கோவையில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை இரவு வாசித்தோம். நாங்கள் நான்கு பேர். சரணங்களில் டிரம்ஸ் அடங்கியே இருக்கும், பல்லவி வரும்போதுதான் திறந்து அடிக்க வேண்டும். திறந்ததும் என் கை ஓட ஆரம்பித்துவிட்டது. சரணத்துக்குத் திரும்பியபோதும் வேகம் இறங்கவில்லை. அந்தச் சரணங்களில் சொற்கள் நெருக்கமாக வரும். கடைசிச் சுற்றில் பாடகிக்கு மூச்சு வாங்க இடமில்லாமல் இரண்டு வரிகளை விட்டுவிட்டார். என்னைத் திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கிளம்பிப் போனார். கிதார் வாசித்த அண்ணன்தான் சொன்னார்: “தம்பி, அவங்க மூச்சு எடுக்கிற இடத்தையெல்லாம் நீ அடிச்சு நிரப்பிட்ட.”

அடுத்த ஒரு மாதம் மொட்டை மாடியில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) 104இல் வைத்து, குச்சியும் ரப்பர் பேடுமாக உட்கார்ந்தேன். மெதுவான பாட்டுதான் கஷ்டம் என்று டிரம்மர்கள் சண்டைக்கு வரலாம். அது கஷ்டம் என்று தெரிந்து ஜாக்கிரதையாக இருப்போம். நடுத்தர வேகம் கைக்கு சுகமாக இருப்பதால் அசந்துவிடுவோம். என் அனுபவம் அதுதான்.

அப்புறம் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ட்ரீம்ஸ்’ (1977). சுமார் 120. பாட்டு முழுக்கக் கிட்டத்தட்ட இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு). குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதியது. அவரும் கிதாரிஸ்ட் லின்ட்சி பக்கிங்ஹாமும் பிரிந்துகொண்டிருந்த சமயம். யாரைப் பற்றிய பாட்டோ அவரே பக்கத்தில் நின்று கிதார் வாசிக்கிறார். அமெரிக்காவில் அந்தக் குழு முதலிடம் பிடித்த ஒரே பாட்டு இதுதான். மிக் ஃப்ளீட்வுட்டின் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள், அலட்டலே இருக்காது. கரோல் கிங்கின் ‘இட்ஸ் டூ லேட்’ (1971) பிரிவைப் பற்றியதுதான், ஆனால் யார் மேலும் பழி போடாது. அதில் வரும் சோப்ரானோ சாக்ஸபோனுக்காகவே கேட்கலாம்.

போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ (1983) அருமையான பாட்டுதான். ஆனால் தயவுசெய்து கல்யாண ரிசப்ஷனில் வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். விட்டுப்போன பெண்ணை விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் பாட்டு அது. அதை எழுதிப் பாடிய ஸ்டிங்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று மூன்று முறை வாசித்திருக்கிறேன், மூன்று முறையும் மனசு உறுத்தியது.

ரிசப்ஷன் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் வாசித்த கலைஞர்களைக் கடைசிப் பந்தியில்கூட யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு மண்டபத்தில் இலை போட்டு உட்கார்ந்த எங்களை எழுப்பி, “பேண்டுக்காரங்களுக்கு அப்புறம்” என்றார்கள். அப்புறம் போனால் ரசமும் மோரும்தான் மிச்சம். சம்பளத்தில் நூறு ரூபாய் குறைத்திருந்தால்கூட மறந்திருப்பேன், அந்த இலையை மறக்க முடியவில்லை.

ராஜா பாட்டில் இல்லாததா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, அதையும் ஆசையாக வாசித்தவன்தான். இங்கே கேள்வி ஆங்கிலப் பாட்டைப் பற்றி.

இன்றிரவே ‘ஃபாஸ்ட் கார்’ கேளுங்கள், வண்டியை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனில். முதல் பல்லவி முடிந்து தொடக்கத்தில் கேட்ட அந்த கிதார் மறுபடி வரும் இடத்தில் வேகம் இம்மியும் மாறியிருக்காது. நான் ஒரு மாதம் உட்கார்ந்து பழகியது அந்த இடத்துக்காகத்தான்.